நைஜருக்குக் கிழக்கே – 9: தொப்பியைக் கேட்ட பெண்கள்

சென்ற அத்தியாயத்தைத் தென்கிழக்கு நைஜீரியாவின் அரோசுக்குவில் நிறுத்தியிருந்தேன். 1901 நவம்பரில் கிளம்பிய பிரிட்டிஷ் படை 1902 மார்ச்சுக்குள் அந்த ஊரைப் பிடித்தது. இக்போ நாடெங்கும் பேர்போன இபினி உக்பாபியின் குறிக்கோயிலைத் தகர்த்தது. அதோடு வேலை முடிந்ததென்று அதிகாரிகள் நினைத்தார்கள். முடியவில்லை. அதன் பிறகும் பல ஆண்டுகள் ஊர் ஊராகப் படை நடத்த வேண்டியிருந்தது. தலைநகரைப் பிடித்தால் நாடு விழும் என்பது ராஜா இருக்கும் நாட்டுக்குப் பொருந்தும். இங்கே ஒவ்வோர் ஊரும் தனக்குத் தானே தலைநகராக இருந்தது.

'இக்போ என்வே எஸே' என்று இக்போ மக்களின் மொழியில் ஒரு வழக்கு உண்டு. இக்போக்களுக்கு ராஜா கிடையாது என்று பொருள். எழுத்துக்கு எழுத்து இது உண்மையில்லை. ஒனிட்சாவில் ஓபி என்ற மன்னர் இருந்தார். என்ரியில் பூசாரியும் மன்னருமான ஒருவர் இருந்தார். ஆனால் பெரும்பாலான ஊர்களில் வழக்கு சொன்னபடிதான் நடந்தது. ஊர்ப் பொட்டலில் கூட்டம் கூடும். கோலாக்கொட்டையை உடைத்துப் பகிர்ந்த பிறகே பேச்சு. ஒவ்வொரு குலத்திலும் மூத்தவர் கையில் 'ஓஃபோ' என்ற சிறு கோல் இருக்கும். அது முன்னோர்களின் சாட்சி. அதைப் பிடித்துக்கொண்டு பொய் சொன்னவன் பிழைக்கமாட்டான் என்பது நம்பிக்கை. அந்த மூத்தவர்கூட உத்தரவு போட முடியாது. ஊர் ஒத்துக்கொண்டதை உரக்கச் சொல்வார், அவ்வளவுதான். பெருவள்ளிக் கிழங்கை நிறைய விளைவித்துப் பட்டம் வாங்கியவருக்கு மரியாதை உண்டு. வயதொத்தவர் குழுக்களுக்கு ஊர்வேலையில் பங்கு உண்டு. முகமூடி கட்டி ஆடி வரும் முன்னோர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை உண்டு. அதிகாரம் இத்தனை கைகளில் சிதறிக் கிடந்தது. வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அது அதிகாரமாகவே தெரியவில்லை.

சிதறிக் கிடந்த அதிகாரத்தில் பெண்களுக்கும் கணிசமான பங்கு இருந்தது. இந்த அத்தியாயம் அவர்களைப் பற்றியது.

ஓர் ஊரில் பெண்கள் இரண்டு வகையாகக் கூடினார்கள். அந்த ஊரில் பிறந்து வெளியூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன மகள்கள் 'உமுவாடா'. பிறந்த வீட்டுத் தகராறுகளில் இவர்கள் வந்து உட்கார்ந்தால் அண்ணன் தம்பிகள் வாய் திறக்க யோசிப்பார்கள். இன்னொன்று, அந்த ஊருக்கு மருமகள்களாக வந்தவர்களின் கூட்டம். சந்தையில் எந்தப் பொருளுக்கு என்ன விலை, சந்தையில் சண்டை போட்டவளுக்கு என்ன அபராதம், யாருடைய மாடு யாருடைய தோட்டத்தை மேய்ந்தது என்பதெல்லாம் இங்கே பேசித் தீரும். ஏக்கே, ஓரியே, ஆஃபோ, என்க்வோ என நான்கு நாள் கொண்ட இக்போ வாரத்தின் பெயர்களே சந்தை நாட்களின் பெயர்கள்தாம். சந்தை பெண்கள் கையில் இருந்தது என்றால் பாதி ஊர் அவர்கள் கையில் இருந்தது என்றுதான் அர்த்தம். பின்னாளில் இக்கூட்டங்களுக்கு 'மிகிரி' என்று ஒரு பெயர் வழங்கியது. ஆங்கிலத்து 'மீட்டிங்'தான் இக்போ நாக்கில் புரண்டு மிகிரி ஆனது. ஆள வந்தவர்களின் சொல்லை எடுத்து அவர்கள் கண்ணில் படாத ஒன்றுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

இக்கூட்டத்தின் தீர்ப்பை மதிக்காத ஆணுக்கு ஒரு தண்டனை இருந்தது. அதன் பெயர் 'ஆணின் மேல் உட்காருதல்'. மனைவியை அடித்துத் துவைப்பவன், சந்தை விதியை மீறுபவன், மாட்டை அவிழ்த்து விடுபவன், இவர்களில் ஒருவனைக் குறித்துக்கொள்வார்கள். முகத்தில் கரியோ சாம்பலோ பூசி, தலையில் இளம் பெரணி இலை சுற்றி, கையில் ஓலை சுற்றிய குச்சியோடு அவன் வீட்டைச் சூழ்வார்கள். அவனைப் பற்றிப் பாட்டுக் கட்டிப் பாடுவார்கள். அவனுடைய ஆண்மையும் பாட்டிலிருந்து தப்பாது. கிழங்கு இடிக்கும் உலக்கையால் சுவரைத் தட்டுவார்கள். அவன் இறங்கி வராவிட்டால் கூரை பிரியும், சுவர் விழும். தவறை ஒப்புக்கொண்டு திருந்துகிறேன் என்று சொல்லும்வரை யாரும் நகரமாட்டார்கள். மற்ற ஆண்கள் தலையிட மாட்டார்கள். அது பெண்களின் அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயம் என்பது அவர்களுக்குத் தெரியும். உலக்கையும் பெரணி இலையும் மனதில் இருக்கட்டும். திரும்ப வரும்.

இனி வெள்ளைக்காரர்களின் பக்கம்.

பிரெடெரிக் லுகார்ட் என்ற பெயரை நைஜீரிய வரலாற்றில் தவிர்க்க முடியாது. 1914இல் வடக்கையும் தெற்கையும் இணைத்து இன்றைய நைஜீரியாவுக்கு எல்லை போட்டவர் அவர்தான். பிறந்தது நம் சென்னையில், 1858 ஜனவரி 22 அன்று. வடக்கு நைஜீரியாவில் அமீர்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கீழே காஜிகள், வரி வசூலிப்பவர்கள் எல்லாரும் இருந்தார்கள். மேலே ஓர் ஆங்கிலேயரை உட்கார வைத்துவிட்டால் வண்டி பழைய தடத்திலேயே ஓடியது. செலவும் குறைவு. 'மறைமுக ஆட்சி' என்று அதற்குப் பெயர் வைத்து ஒரு தத்துவமாகவே ஆக்கிவிட்டார்கள். தெற்கிலும் அது ஓடவேண்டும் என்று நினைத்ததில்தான் கோளாறு. மறைமுகமாக ஆள ஒரு ராஜா வேண்டுமே? இல்லாத இடத்தில் செய்துகொண்டார்கள்.

லுகார்டுக்கு முன்பே, 1900ஆம் ஆண்டுவாக்கில், இதற்கான சட்டங்கள் தெற்கில் வந்துவிட்டன. ஊருக்கு ஓர் ஆளைப் பிடித்து, அவர் கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்து, சுதேசி கோர்ட்டில் உட்கார வைத்தார்கள். அந்தக் காகிதத்தின் பெயர் வாரண்டு. ஆள் வாரண்டுத் தலைவர். தலையில் வைத்துக்கொள்ள பதவிக்குரிய தொப்பி. 'உங்கள் தலைவர் யார்?' என்று துப்பாக்கியோடு வந்தவர்கள் கேட்டபோது, ஓஃபோ கோல் வைத்திருந்த மூத்தவர்கள் பல ஊர்களில் வெளியே வரவே இல்லை. தலைவரைக் கேட்பது பிடித்துக்கொண்டு போகத்தான் என்று நினைத்தார்கள். அதுவரையிலான அனுபவம் அப்படி. போனால் போகட்டும் என்று ஊருக்கு வேண்டாத ஒருவரை முன்னே தள்ளிவிட்ட ஊர்களும் உண்டு. அந்த வேண்டாத ஆள்தான் மறுவாரம் நீதிபதியாகத் திரும்பி வந்தார். நாவலாசிரியர் சினுவா அச்செபே இதைக் குடும்பத்துக் கதையாகக் கேட்டு வளர்ந்த தலைமுறை. 1964இல் வெளிவந்த அவருடைய 'கடவுளின் அம்பு' நாவலில் பூசாரி எஸேவுலு வாரண்டை வேண்டாம் என்று மறுத்ததற்காகவே சிறையில் கிடக்கிறார். அவருடைய முதல் நாவல் தமிழில் 'சிதைவுகள்' என்று கிடைப்பதை வாசகர்கள் அறிவார்கள். இந்த அத்தியாயத்துக்கு நெருங்கிய துணை என்னவோ 'கடவுளின் அம்பு'தான்.

வாரண்டுத் தலைவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று எழுதினால் அது அநியாயம். ஆனால் அந்த நாற்காலி கெடுக்கக்கூடிய நாற்காலி. பழைய ஊர்க்கூட்டத்தில் தவறான தீர்ப்புச் சொன்னவர் மாலையில் அதே தெருவில் நடந்து வீட்டுக்குப் போகவேண்டும். புதிய தலைவருக்குப் பின்னால் போலீஸ் இருந்தது. சாலை போட, சாமான் தூக்க ஆள் பிடித்துக் கொடுக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. பிடித்ததில் சிலர் அவருடைய சொந்தத் தோட்டத்திலும் வெட்டிவேலை செய்தார்கள். பெண் வீட்டாருக்குக் கொடுக்கவேண்டிய பரிசப்பணத்தைக் கொடுக்காமலே பெண்களைக் கட்டிக்கொண்ட தலைவர்கள் இருந்தார்கள். தலைவருக்கும் மேலே ஒருவர் இருந்தார்: கோர்ட் குமாஸ்தா. ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எந்த வழக்கு பதிவாகும், எது காணாமல் போகும் என்பது அவர் பேனாவில் இருந்தது. வரலாற்றாசிரியர் அடியேலே அஃபிக்போ 1972இல் வாரண்டுத் தலைவர்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அதைப் படித்தால், காலனி ஆட்சியில் குமாஸ்தாவின் இடம் எது என்று நமக்கு விளக்கிச் சொல்லத் தேவையே இருக்காது.

இந்த ஏற்பாட்டில் பெண்களுக்கு அநேகமாக இடமே இல்லை. சுதேசி கோர்ட்டில் பெண் உட்கார்ந்தது மிக அரிது, குமாஸ்தாக்களில் பெண் இல்லை. மிகிரியின் தீர்ப்புக்குச் சட்டத்தில் பெயரில்லை. ஒருவன் 'மேல் உட்கார்ந்தால்' அது இப்போது கலகம், சொத்துச் சேதம். அவர்களிடமிருந்து எதையும் பறிப்பதாக அதிகாரிகள் நினைக்கவே இல்லை. இருப்பது தெரிந்தால்தானே பறிப்பது.

முதல் எச்சரிக்கை 1925இல் வந்தது. பெண்கள் கூட்டம் கூட்டமாக ஆடிப் பாடிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். தலைவர்கள் வீட்டு முற்றத்தையும் ஊர்ப் பொட்டலையும் பெருக்கினார்கள். பழைய வழக்கத்துக்குத் திரும்புங்கள், இந்தக் கோர்ட்டு வேண்டாம், வெள்ளைக்காரர் காசும் வேண்டாம் என்றார்கள். 'என்வாவோபியாலா' என்று அந்த ஆட்டத்துக்குப் பெயர். அதிகாரிகள் அதைக் கோப்பில் எழுதி மூடி வைத்தார்கள்.

அடுத்தது வரி. கிழக்கு மாகாணங்களில் அதுவரை நேரடி வரி இல்லை. 1926 வாக்கில் ஆண்களைக் கணக்கெடுத்தார்கள். வரிக்காக என்று சொல்லவில்லை. 1927இல் சட்டம் வந்தது, 1928இல் வசூல் தொடங்கியது. முதலில் எண்ணினார்கள், பிறகு பணம் கேட்டார்கள். இந்த வரிசை எல்லார் மனதிலும் பதிந்தது. மனிதர்களை எண்ணுவதே கேடு, எண்ணினால் ஆள் சாவான் என்ற பழைய அச்சம் வேறு.

அதே சமயம் செம்பனை எண்ணெயின் விலை இறங்கிக்கொண்டிருந்தது. நம் ரேஷன் கடைப் பாமாயிலின் தாய்மரம் இந்த மண்ணைச் சேர்ந்தது. அங்கே வீட்டில் எடுக்கும் எண்ணெய் செக்கச்செவேல் என்றிருக்கும். மரமேறிக் குலை வெட்டுவது ஆண். வேகவைத்து, மிதித்து, எண்ணெய் எடுப்பது பெண். எண்ணெய் விற்ற காசில் பெரும்பங்கு கணவனுக்குப் போனாலும், கொட்டையை உடைத்து எடுக்கும் பருப்பு பெண்ணுக்கு. அந்தப் பருப்புக் காசுதான் அவள் சந்தை முதல். விலை இறங்கியபோது அது நேராக அவள் மடியில் இறங்கியது. கணவனின் வரிக்கும் அவள்தான் உதவினாள். இனி அவளுக்கே தனியாக வரி என்றால்?

1929இல் பெண்டே மாவட்டத்தில் தற்காலிக அதிகாரியாக வந்த கேப்டன் ஜான் குக், பழைய கணக்கில் விவரம் போதவில்லை என்று நினைத்தார். மனைவிகள், குழந்தைகள், ஆடு மாடுகள் எல்லாவற்றையும் எழுதிவரச் சொன்னார். அவருக்கு அது ஒரு நல்ல அலுவலரின் ஒழுங்கு. ஒலோகோ ஊரின் வாரண்டுத் தலைவர் ஒகுகோ இதை மார்க் எமெருவா என்ற பள்ளி ஆசிரியரிடம் ஒப்படைத்தார்.

நவம்பரில் ஒரு நாள் எமெருவா, ஓஜிம் என்பவரின் வீட்டுக்குள் நுழைந்தார். ஓஜிமின் மனைவி என்வான்யேருவா எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தார். உன் ஆடுகள் எத்தனை, ஆட்கள் எத்தனை, எண்ணிச் சொல் என்றார் எமெருவா. உன்னுடைய அம்மாவை எண்ணினார்களா என்று திருப்பிக் கேட்டார் அவர். வாய்ச் சண்டை கைச்சண்டை ஆயிற்று. எமெருவா கழுத்தைப் பிடித்தார், என்வான்யேருவா எண்ணெய்க் கையோடு அவரைப் பிடித்தார். பிறகு பெண்கள் கூடியிருந்த இடத்துக்கு ஓடினார். பெண்களுக்கும் வரி வந்துவிட்டது என்று முடிவானது. பனையோலை கைமாறிக் கைமாறிப் பக்கத்து ஊர்களுக்குப் போனது. கிடைத்தவள் அடுத்த ஊருக்கு அனுப்பவேண்டும், கிளம்பி வரவேண்டும் என்பது அதன் செய்தி.

வந்தார்கள். முகத்தில் கரி, தலையில் பெரணி, கையில் ஓலைக்குச்சி. ஒகுகோவின் மேல் உட்கார்ந்தார்கள். நாட்கணக்கில் அவர் வீட்டைச் சூழ்ந்து பாடினார்கள். இக்கொன்னியா, என்வன்னேடியா, என்வூகோ என்ற மூன்று பெண்கள் இதை முன்நின்று நடத்தினார்கள். கூட்டம் கட்டுக்கடங்காமல் போகும்போதெல்லாம் பேசி அமைதிப்படுத்தியதும் அவர்கள்தான். கோரிக்கை தெளிவாக இருந்தது: பெண்களுக்கு வரியில்லை என்று எழுத்தில் வேண்டும்; ஒகுகோவைக் கைது செய்யவேண்டும்; அவருடைய தொப்பியைப் பிடுங்கவேண்டும்.

தொப்பி மேல் ஏன் இத்தனை குறி? வாரண்டு ஒரு காகிதம், பெட்டிக்குள் இருப்பது. தொப்பியோ ஊர் பார்க்க, தலையில் இருப்பது. கொடுத்தவனே அதை எடுக்கவேண்டும் என்பது அவர்களுடைய நியாயம். குக்கிடமிருந்து பொறுப்பேற்ற கேப்டன் ஹில்லின் அலுவலகத்தைச் சூழ்ந்தவர்கள் 10,000க்கும் மேல் என்று அவரே கணக்குச் சொன்னார். அவர் தொப்பியைக் கூட்டத்துக்குள் வீசினார். அது நார்நாராகக் கிழிந்தது. ஒகுகோவுக்கு இரண்டு ஆண்டு சிறைத்தண்டனையும் கிடைத்தது. பெண்களின் வழக்கப்படி பார்த்தால் இத்தோடு விஷயம் முடிந்தது: குற்றம், விசாரணை, தண்டனை, கலைந்து போதல்.

ஆனால் ஒவ்வோர் ஊரிலும் ஒரு ஒகுகோ இருந்தார். ஒலோகோவில் முடிந்ததென்றால் நம் ஊரிலும் முடியுமே! டிசம்பருக்குள் ஒவேரி, காலபார் மாகாணங்களில் ஏறத்தாழ 6,000 சதுர மைல் பரப்பில் பெண்கள் எழுந்தார்கள். இக்போக்கள் மட்டுமல்ல, இபிபியோ, அண்டோனி, ஓபோபோ பெண்களும் சேர்ந்தார்கள். சுதேசி கோர்ட்டுகள் தாக்கப்பட்டன, பல எரிந்தன. தலைவர்களின் வீடுகளில் உலக்கை விழுந்தது. ரயில்பாதையில் இருந்த வியாபார நகரமான அபாவில் ஓர் ஆங்கிலேய டாக்டரின் கார் மோதி இரண்டு பெண்கள் விழ, கூட்டம் கம்பெனிக் கிடங்குகளையும் பார்க்லேஸ் வங்கியையும் சூறையாடியது. அங்கே கட்டுப்பாடு போனது உண்மை, மறைக்கத் தேவையில்லை. இன்னொன்றும் உண்மை: இத்தனை நாள் எழுச்சியில் பெண்கள் ஓர் உயிரைக்கூட எடுக்கவில்லை.

ஓபோபோவில் நடந்ததைக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். டிசம்பர் 16. மாவட்ட அதிகாரியிடம் பெண்கள் தங்கள் கோரிக்கைகளைச் சொன்னார்கள். பெண்களுக்கு வரி கூடாது, சொந்தப் பொருளை எண்ணக்கூடாது, சந்தைக் கொட்டகைக்கு வாடகை கூடாது, ஆட்டம் பாட்டத்துக்கு லைசென்ஸ் கூடாது, இன்னார் தலைமைத் தலைவராக இருக்கக்கூடாது, ஆண்களுக்கும் வரி வேண்டாம். அவர் டைப் அடிக்கச் சொன்னார். பெண்கள் ஊர்களுக்குப் பிரதி கேட்டார்கள். உறையில் போட்டுக் கேட்டார்கள், தபால்தலை ஒட்டிக் கேட்டார்கள். இதைக் கேலியாகச் சொன்ன ஆங்கிலேயர்கள் உண்டு. எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷமாகக் காகிதம்தான் அவர்களை ஆண்டது. காகிதத்தில் எது கெட்டியோ அதைக் கேட்டார்கள். டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே தபால் நிலையத்து வேலியின் பக்கம் கூட்டம் நெருக்கியது. சிப்பாய்கள் சுட்டார்கள். சுட்டதிலும் நெரிசலில் ஆற்றில் விழுந்து மூழ்கியதிலுமாக 30க்கும் மேற்பட்டவர்கள் அங்கேயே செத்தார்கள். அதற்கு முந்தின நாள் ஊட்டு எட்டிம் எக்போவிலும் துப்பாக்கிச் சூடு நடந்திருந்தது. எல்லா இடங்களிலும் சேர்த்து இறந்தவர்கள் 50க்கும் மேல். ஏறக்குறைய எல்லாரும் பெண்கள்.

பெண்களைச் சுடமாட்டார்கள் என்று அவர்கள் நம்பியிருந்தார்கள். உலக்கையோடு வரும் பெண்களின் மேல் ஆண்கள் கைவைப்பதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்த உலகம். சிப்பாய்களுக்கு அந்த வழக்கம் தெரியாது; தெரிந்திருந்தாலும் உத்தரவு வேறு இடத்திலிருந்து வந்தது.

எழுச்சியில் சேர்ந்த ஊர்களுக்குப் பிறகு கூட்டு அபராதம் வந்தது, சில ஊர்களில் வீடுகளைக் கொளுத்தினார்கள். 1930 ஜனவரியில் ஒரு சிறு விசாரணை நடந்து, சுட்டவர்கள் மேல் தவறில்லை என்றது. லாகோஸ் பத்திரிகைகளும் லண்டனும் அதை ஏற்கவில்லை. தலைமை நீதிபதி டொனால்ட் கிங்டன் தலைமையில் இரண்டாவது கமிஷன் மார்ச்சில் உட்கார்ந்தது. லாகோஸ் வழக்கறிஞர்கள் கிட்டோயி அஜாசா, எரிக் மூர் இருவரும் அதில் இருந்தார்கள். பெண் ஒருவர்கூட இல்லை, இக்போவும் ஒருவர்கூட இல்லை. ஏறக்குறைய 500 சாட்சிகள். பெண்கள் வந்து பேசினார்கள்: தலைவர்களின் லஞ்சம், கோர்ட்டின் அநியாயம், பருப்பு விலை, செத்துப்போன மகள்கள். அந்தச் சாட்சியப் பதிவுகள்தான் இன்று நமக்குக் கிடைக்கும் அவர்களின் குரல். அதுவும் இக்போவிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பாளன் வழியாகப் போன குரல்.

பெண்கள் தாங்களாகவே இதைச் செய்திருக்க முடியாது, பின்னால் ஆண்கள் யாரோ இருக்கவேண்டும் என்று அதிகாரிகள் பலர் கடைசிவரை நம்பினார்கள். ராஜா எங்கே என்று தேடிய அதே பார்வை இது. இப்போது தூண்டிவிட்டவன் எங்கே என்று தேடியது. இருந்தும் அரசாங்கம் மிரண்டது என்னவோ நிஜம். இக்போ சமூகத்தைப் படிக்க மானிடவியலாளர்களை அனுப்பினார்கள். சி. கே. மீக் வந்தார். பெண்களைப் பற்றி எழுதவென்றே சில்வியா லீத்-ராஸ், மார்கரெட் கிரீன் இருவரும் வந்தார்கள். துப்பாக்கிக்குப் பின்னால் புத்தகம். 1931இல் ஆளுநராக வந்த டொனால்ட் கேமரன், 1933இல் வாரண்டுத் தலைவர் முறையைக் கைவிட்டு, ஊரார் அனுப்பும் பலர் சேர்ந்து உட்காரும் கோர்ட்டுகளை ஏற்படுத்தினார். சில இடங்களில் அந்தப் பெஞ்சில் பெண்களும் உட்கார்ந்தார்கள்.

பெயரை மட்டும் மாற்றவில்லை. ஆங்கிலக் கோப்புகளில் அது 'அபா கலகம்'. கொள்ளை நடந்த ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள். தொடங்கிய ஒலோகோவுக்கு அதில் இடமில்லை. இக்போக்கள் 'ஓகு உமுன்வான்யி' என்கிறார்கள். ஓகு என்றால் போர். பெண்களின் போர். எது சரியான பெயர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்தப் போரின் முதல் கோரிக்கை நிறைவேறியது. அன்று கிழக்கு மாகாணப் பெண்களுக்கு வரி போடவில்லை. ஆண்களின் வரி தொடர்ந்தது.

(தொடரும்)